கருங்கல்லுக்குக் கீழே எண்ணெய் தேடுவோருக்கு

கோடை பிறந்துவிட்டால் சேலத்துச் சுற்றுவட்டாரத்தில் ரிக் வண்டிச் சத்தம் கேட்காத நாள் கிடையாது. வாழப்பாடி, ஓமலூர், எடப்பாடி, ஆத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் போர் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் அடி தாண்டியும் ஈரம் தட்டாமல் வெறும் புகை பறந்தால், சுற்றி நிற்பவர்களில் யாராவது சொல்லிவிடுவார்: "இன்னொரு ஆயிரம் அடி எறக்குங்க, பெட்ரோலாச்சும் வரட்டும்." கடன் வாங்கி ராடு இறக்கிக்கொண்டிருக்கும் தோட்டக்காரரின் மனம் ஆறட்டும் என்று சொல்கிற பேச்சு அது. ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அரபு நாட்டுக்காரன் ஆழமாகத் தோண்டினான், எண்ணெய் எடுத்தான். நாம் தோண்டவில்லை, அதனால் இல்லை. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். இந்த ஒரு எண்ணம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது.

சவூதியின் எண்ணெய்க் கதையைத் தொடங்கி வைத்த தம்மாம் 7-ஆம் எண் கிணறு 1938 மார்ச்சில் எண்ணெய் கொடுத்தபோது அதன் ஆழம் 4,727 அடி. நம் பக்கத்தில் 1,500 அடி போர் இப்போது சாதாரணம். அதைப் போல மூன்று பங்குதான் அந்தக் கிணறு. மறுபக்கம், ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் ஆராய்ச்சிக்காகப் போட்ட துளை 12,262 மீட்டர், அதாவது 40,000 அடிக்கு மேல் இறங்கியது. எண்ணெய்க் கிணறாகும் பாறை அங்கே இல்லவே இல்லை. ஏனென்றால் கோலாவும் நம் ஊர் மாதிரிப் பழைய கருங்கல் பூமி. ஆழம்தான் கணக்கு என்றால் இந்த இரண்டும் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

வாளியில் மிதக்கும் படலம்

இந்த நம்பிக்கைக்கு அடிக்கடி உரம் போடுவது தண்ணீரில் தெரியும் வானவில் படலம். புது போரில் இருந்து வரும் முதல் சில நாள் தண்ணீரிலோ, பல நாள் இறைக்காமல் கிடந்த கிணற்றிலோ மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஆடை மிதக்கும். உடனே செல்போனில் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். அது மூன்று வழியில் வரும். முதலாவது, ரிக்கின் ஹாமர். துளைக்குள்ளேயே இறங்கிப் பாறையை அடிக்கும் டி.டி.எச். ஹாமருக்குள் பிஸ்டன் உராய்ந்து தேயாமல் இருக்க, கம்ப்ரசர் காற்றோடு சேர்த்து ராக் டிரில் ஆயிலை விட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த ஆயில் பாறைப் பொடியோடு சேர்ந்து துளையின் சுவரில் ஒட்டிக்கொண்டு, சில நாள் தண்ணீரில் கழுவி வரும். இரண்டாவது, ஆயில் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாரின் சீல் கசிவது. மூன்றாவது, எண்ணெயே இல்லாத படலம்: இரும்புச் சத்துள்ள தண்ணீரில் வாழும் பாக்டீரியா உண்டாக்கும் மெல்லிய தோல். கஞ்சமலை மாதிரி இரும்புத் தாதுவை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை.

பிரித்தறிய ஒரு ஈர்க்குச்சி போதும். வாளியை அசைக்காமல் வைத்து, படலத்தின் நடுவில் குச்சியால் ஒரு கோடு கிழிக்க வேண்டும். பாக்டீரியாப் படலம் என்றால் கண்ணாடிச் சில்லு போல உடைந்து, ஓரம் கூர்மையாக, துண்டு துண்டாக விலகி நிற்கும். கிழித்த இடம் மூடாது. எண்ணெய் என்றால் குச்சி போன தடம் உடனே கூடிவிடும், நிறங்கள் சுழன்று சுழன்று மறுபடி சேரும். வாளியின் அடியில் துருநிறக் கசடு வழவழவென்று படிந்திருந்தால் பாக்டீரியா என்பது இன்னும் உறுதி. கூடிச் சேர்ந்தால் ரிக்காரரையோ மோட்டார் மெக்கானிக்கையோ கேட்கலாம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஏற்காட்டு மலைப்பாதையில் வெட்டி விட்ட இடங்களில் சார்னகைட் என்ற நம் மலைக் கருங்கல்லின் புதுமுகத்தைப் பார்த்தால், எண்ணெய் பூசித் துடைத்தது போல ஒரு மினுக்கம் தெரியும். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் நீலம் பாரித்து, கொழுப்புத் தடவியது போலிருக்கும். விரலால் தேய்த்தால் விரலில் ஒன்றும் ஒட்டாது. அந்தப் பாறை சூட்டில் வெந்த விதத்தின் அடையாளம் அது.

எள், சவ்வரிசி, மூடி

எண்ணெய் இருக்க வேண்டுமானால் முதலில் எள் வேண்டும். அரேபியாவில் அந்த எள், ஜுராசிக் காலத்துக் கடலடிச் சேறு. ஜுராசிக் என்பது சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். அப்போது அரேபியத் தட்டின் மேல் வெதுவெதுப்பான ஆழமில்லாத கடல் பரந்து கிடந்தது. அதன் நடுவே சில பள்ளங்களில் அடித்தண்ணீர் கலங்காமல் தேங்கி, பிராணவாயு தீர்ந்துபோனது. மேலே செத்து விழுந்த பாசியும் நுண்ணுயிரும் அங்கே மட்காமல் சுண்ணாம்புச் சேற்றோடு படிந்தன. துவைக் மலைப் பாறை, ஹனீஃபா என்று பெயரிட்டிருக்கும் அந்த அடுக்குகளில் கரிமப் பொருள் சில இடங்களில் பத்து சதவீதத்துக்கும் மேல். மேலே சேறு சேரச் சேர அவை கீழே அமிழ்ந்தன. ஏறக்குறைய 60 டிகிரியில் தொடங்கி 120, 150 டிகிரி வரைக்குமான சூட்டில் எண்ணெயைக் கக்கின. அதற்கு மேல் சூடேறினால் எண்ணெய் உடைந்து வாயுவாகும். இன்னும் ஏறினால் வெறும் கரிதான் மிஞ்சும்.

எண்ணெய் தங்குவதற்கு இடம் வேண்டும். சவூதியின் கவார் வயலில் எண்ணெய் தங்கியிருக்கும் அரப்-டி என்ற அடுக்கை விளக்கச் சேலத்துக்காரர்களிடம் ஒரு நல்ல பொருள் இருக்கிறது: சவ்வரிசி. ஈர மாவைத் தொட்டிலில் போட்டுக் குலுக்க, சின்னக் கரு உருண்டு உருண்டு மாவை ஒட்டிக்கொண்டு மணியாகும் அல்லவா? அந்தக் கடலிலும் அதேதான் நடந்தது. ஒரு மணல் துகளோ சிப்பித் துணுக்கோ அலையில் உருண்டு, சுண்ணாம்பை வளையம் வளையமாகப் பூசிக்கொண்டு உருண்டை மணியானது. சவ்வரிசியைவிடச் சிறிது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள். இந்த மணிகளும் சிப்பித் தூளும் கரையோரத் திட்டுகளாகக் குவிந்தன. சவ்வரிசி மூட்டையில் தண்ணீர் ஊற்றினால் மணிகளுக்கு இடையில் எவ்வளவு பிடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாறையாக இறுகிய பிறகும் கவாரின் வடக்குப் பகுதியில் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடமாகவே இருந்தது, அதுவும் ஒன்றோடொன்று தொடர்புள்ள வெற்றிடமாக. நம் சார்னகைட்டில் அது ஒரு சதவீதம்கூட இருக்காது. தண்ணீர் கிடைப்பதெல்லாம் வெடிப்புகளில்தான். 1948-ல் கண்டுபிடித்த கவார் 280 கிலோமீட்டர் நீளம், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். சேலத்தில் தொடங்கி மதுரை தாண்டி விருதுநகர் வரைக்கும் ஒரே வயல்.

எள்ளும் பானையும் இருந்தும் போதாது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. வழி கிடைத்தால் மேலே ஏறி, மண்ணில் கசிந்து, காற்றில் கெட்டுப்போகும். அரேபியாவில் அந்த வழியை அடைத்தது கடல் வற்றிப் படிந்த அன்ஹைட்ரைட், அதாவது தண்ணீர் சேராத ஜிப்சம். அரப் அடுக்குகளுக்கு இடையிலும், எல்லாவற்றுக்கும் மேலே ஹித் என்ற பெயரிலும் அது மூடியாகப் படுத்திருக்கிறது. தம்மாமில் முதல் ஆறு கிணறுகள் ஏமாற்றின. ஏழாவது மட்டும் ஆழம் போனதால் கிடைத்தது என்று சொல்வது பாதி உண்மை. முதலில் தேடியது பஹ்ரைனில் எண்ணெய் தந்த, வயதில் இளைய அடுக்கை. புவியியலாளர் மேக்ஸ் ஸ்டைனிக் இன்னும் கீழே போகச் சொன்னார். அந்த ஆழம் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அடுத்த மூடிக்கு அடியில் இருந்த ஜுராசிக் அடுக்கில். தினமும் செய்தித்தாளில் விலை போடுகிறார்களே ப்ரென்ட் கச்சா எண்ணெய், அந்தப் பெயருக்குரிய வடகடல் வயலும் ஜுராசிக்தான், 1971-ல் கண்டுபிடித்தது. அங்கே பானை ஒரு பழைய ஆற்று முகத்துவாரத்தின் மணற்கல். எள்ளுக்கும் மூடிக்கும் களிப்பாறை.

25 கிலோமீட்டர் ஆழத்தில் நிற்கிறோம்

இனி நம் மலைக்கு வருவோம். சேர்வராயன் மலையின் சார்னகைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழசு. அதன் தாதுக்களை வைத்துக் கணக்கிட்டால், அது 700 டிகிரிக்கு மேலான சூட்டில், பூமிக்குள் 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த பாறை. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் கரைந்து போய், அது இப்போது வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. மனிதன் போட்ட எந்தத் துளையும் எட்டாத ஆழம், ஏற்காடு சுற்றுச்சாலையில் காலடியில் கிடக்கிறது. இதை யோசித்துப் பார்த்தவருக்கு "இன்னும் ஆயிரம் அடி" என்று சொல்ல வாய் வராது. ஒருவேளை அந்தப் பாறையில் எப்போதோ கரிமப் பொருள் இருந்திருந்தாலும், 700 டிகிரியில் அது கிராஃபைட்டாகியிருக்கும். சூரமங்கலத்துக்கு வடக்கே வெள்ளையாகத் தெரியும் வெள்ளக்கல் கரடும் அப்படியே: பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி இருக்கும், ஆனால் மேக்னசைட். குளிர்ந்த நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் பொங்குவதுபோல அது பொங்காது. கடலில் படிந்த பாறையும் இல்லை அது; பூமியின் அடியாழத்துப் பாறை மாறி உண்டானது.

ஆனால் இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கருங்கல்லில் எண்ணெயே கிடையாது என்று அடித்துச் சொல்வதும் தப்பு. கிழக்கே கொள்ளிடக் கரைப் பக்கம், மாதானத்தில், ஓ.என்.ஜி.சி. எண்ணெய் எடுப்பது வெடிப்புவிட்ட பழைய கருங்கல் அடித்தளத்தில் இருந்துதான். நம் ஊர்ப் பாறையின் பங்காளி அது. வியட்நாமின் பாக் ஹோ வயலும் கிரானைட்தான். அப்படியானால் மாதானத்துக்கு இருப்பது சேலத்துக்கு ஏன் இல்லை?

ஜுராசிக் காலத்தின் கடைசியில் இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிகாவை விட்டுப் பிரியத் தொடங்கியபோது, காவிரிப் படுகை வரிவரியாக வெடித்து இறங்கியது. இறங்கிய பள்ளங்களில் சேறு சேர்ந்தது. இறங்காமல் நின்ற கருங்கல் மேடுகளில் ஒன்றுதான் மாதானம். பக்கத்துப் பள்ளத்தின் களிப்பாறை வெந்து எண்ணெய் கக்கியபோது, அது பக்கவாட்டில் ஏறி மேட்டின் வெடிப்புகளுக்குள் புகுந்தது. மேட்டின் தலைமேலும் களிப்பாறை போர்த்தியிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டது. எள் பக்கத்து வீட்டுடையது, பானை கருங்கல், மூடி மேலே. நமக்குப் பக்கத்து வீடும் இல்லை, மூடியும் இல்லை. சேலத்துப் பாறையின் வெடிப்பு நேராக வானத்தைப் பார்த்து நிற்கிறது. அதனால்தான் ஐப்பசி மழை இறங்குகிறது, அதனால்தான் போரில் தண்ணீர் வருகிறது. மழைத் தண்ணீர் உள்ளே போகிற வழி, எண்ணெய் இருந்தால் வெளியே போய்விடுகிற வழி. நமக்குத் தண்ணீர் தருகிற அதே குணம்தான் எண்ணெயைத் தராமல் செய்கிறது.

மூடியைத் திறக்கும் இடம்

மூடியின் மதிப்பு தெரிய வேண்டுமானால் அதைத் துளைக்கும் வேலையைப் பார்க்க வேண்டும். சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேர் வளைகுடா ரிக்குகளில் வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் குவைத்தின் ஆழ ஜுராசிக் கிணறுகளில் நின்றவர்களுக்குக் கோட்னியா என்ற பெயர் மறக்காது.

கோட்னியா, ஹித்துக்குக் கீழே இருக்கும் உப்பு மூடி. நான்கு உப்பு அடுக்கு, நான்கு அன்ஹைட்ரைட் அடுக்கு, மாறி மாறி. அதற்கு நேர் கீழே நஜ்மா, சர்கேலு என்ற வெடிப்புவிட்ட சுண்ணாம்புப் பாறையும் கரிய களியும். அதற்கும் கீழே மர்ராத். வடக்குக் குவைத்தில் இவை 14,000, 15,000 அடியில் கிடக்கின்றன. 11,000 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) வரை அழுத்தம், 135 டிகிரி சூடு. அங்கே ஜுராசிக் வாயு கிடைத்ததை 2006-ல் அறிவித்தார்கள்.

நம் போரில் துளையை நிறுத்திப் பிடிப்பது பாறையேதான். மேல்மண் சரியாமல் இருக்க, கெட்டிப் பாறை தட்டும் வரை கேசிங் பைப் இறக்கினால் போதும். அதற்குக் கீழே 1,000 அடிக்கும் வெறும் துளை. பொடியை வெளியே தள்ளுவது காற்று. எண்ணெய்க் கிணற்றில் காற்றுக்குப் பதிலாக மட், அதாவது எடை ஏற்றிய சேறு. ராடுக்குள் இறங்கி, பாறையை வெட்டும் முனையான பிட்டின் வாயில் பீய்ச்சி, வெளிப்பக்கமாகத் துகளை ஏந்திக்கொண்டு மேலே வரும். அதன் எடைதான் கீழே இருக்கும் அழுத்தத்தை அடக்கி வைக்கிறது. எடைக்குப் போடுவது பேரைட் பொடி, தண்ணீரைவிட 4.2 மடங்கு கனம். உலகின் மிகப் பெரிய பேரைட் படிவங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திராவின் மங்கம்பேட்டையில் இருக்கிறது.

ரிக்கில் மட்டின் எடையை ஒரு கேலனுக்கு இத்தனை பவுண்டு என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் 8.33. கோட்னியாவைத் துளைக்க 19, 20 வரைக்கும் ஏற்றுவார்கள். 19.5 என்றால் ஒரு லிட்டர் 2.34 கிலோ. பதினைந்து லிட்டர் குடத்தில் நிரப்பினால் 35 கிலோ. ஒருவர் இடுப்பில் தூக்கி வைக்க முடியாது. இவ்வளவு கனம் எதற்கு? அந்த ஆழத்தில் உப்பு கல்லாக நிற்காது, பிசைந்த மாவு மாதிரி மெல்ல நகர்ந்து துளையை இறுக்கும். விட்டால் ராடைப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு அன்ஹைட்ரைட் இடுக்குகளில் அடைபட்ட உப்புநீர் பெரிய அழுத்தத்தில் காத்திருக்கும். சாதாரணத் தண்ணீர்ச் சேற்றை விட்டால் உப்பு கரைந்து துளை குகையாகிவிடும் என்பதால், எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட மட்டைத்தான் விடுவார்கள்.

இப்போது நஜ்மாவின் கணக்கைப் பாருங்கள். மட்டின் எடை, அடிக் கணக்கில் ஆழம், 0.052, இந்த மூன்றையும் பெருக்கினால் துளையின் அடிமட்டத்தில் எத்தனை பி.எஸ்.ஐ. என்று வரும். 14,500 அடியில் 11,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை அடக்க 14.6 பவுண்டு மட் போதும். கையிருப்புக்கு இன்னும் சற்றுச் சேர்த்து 15, 15½ என்று வைக்கலாம். அதே ஆழத்தில் 19.5 பவுண்டு மட் 14,700 பி.எஸ்.ஐ. கொடுக்கும். 3,700 பி.எஸ்.ஐ. அதிகம். வெடிப்புள்ள பாறை அதைத் தாங்காது. மட் முழுக்க வெடிப்புக்குள் ஓடிவிடும், துளையில் மட்டம் இறங்கும், மேலே உப்புக்கு இடையில் அடங்கியிருந்த நீர் துளைக்குள் பாயும். கீழே இழப்பு, மேலே பாய்ச்சல், இரண்டும் ஒரே நேரத்தில். ஒரு கிணற்றை இழக்க இதைவிட வேகமான வழி கிடையாது.

ஆக, மூடிக்கு ஒரு எடை, மூடிக்குக் கீழே ஒரு எடை, ஒரே துளையில் இரண்டும் நிற்காது. மூடியின் கடைசி அன்ஹைட்ரைட் அடுக்குக்குள், நஜ்மாவைத் தொடாமல், சில அடி மிச்சம் வைத்து நிறுத்தி, கேசிங் இறக்கி, சிமென்ட் போட்டு, அதன்பிறகு மட்டை லேசாக்கிக் கீழே போக வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் கேசிங்குக்குக் கீழே உப்பு மிச்சம் இருக்கும். லேசான மட்டில் அது நகர்ந்து பிட்டைப் பிடிக்கும், அல்லது உப்புநீர் பாயும். தாமதமாக நிறுத்தினால் மேலே சொன்ன கதை. 14,000 அடிக்கு இறங்கிய வேலையின் பிழைப்பு இந்தச் சில அடியில்தான் இருக்கிறது.

அந்தச் சில அடியை எப்படித் தெரிந்துகொள்வது? நம் ரிக்காரர் பொடியின் நிறத்தைப் பார்த்தே "சுக்கான் முடிஞ்சு கருங்கல் தட்டிருச்சு" என்பார். காற்றில் பொடி உடனுக்குடன் மேலே வந்துவிடும். அங்கே அப்படி இல்லை. 12¼ அங்குலத் துளையில் 5½ அங்குல ராடு என்றால் ஒவ்வொரு அடிக்கும் சுற்றிலும் 0.116 பேரல் மட் இருக்கும். 14,000 அடிக்கு 1,630 பேரல். பம்பு நிமிடத்துக்கு 700 கேலன் தள்ளினால், அடியில் வெட்டிய துகள், மேலே மட்டைச் சலிக்கும் ஷேல் ஷேக்கருக்கு வந்து சேர 98 நிமிடம். மணிக்கு 30 அடி வேகத்தில் வெட்டிக்கொண்டிருந்தால், கண்ணால் பார்க்கும் துகளுக்கும் பிட் இருக்கும் இடத்துக்கும் 49 அடி வித்தியாசம். பார்த்துவிட்டு நிறுத்தினால் காலம் கடந்திருக்கும். அதனால் அடிப்பாகம் நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, சில அடி வெட்டி, பிட்டைத் தூக்கி நிறுத்தி, அடித்துகள் முழுக்க மேலே வரும்வரை மட்டைச் சுற்றவிட்டு, பார்த்த பிறகே அடுத்த சில அடி. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒன்றரை மணி நேரம். மேலே அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு கசக்கும், ரிக்கின் நாள் வாடகை அப்படி. இதில் அவசரப்படுத்துகிறவர் எத்தனை பெரிய பதவியில் இருந்தாலும் வேலை தெரியாதவர் என்றே சொல்வேன்.

துகளைச் சோதித்துப் பதிவு செய்யும் மட் லாகரின் மேசையில் நடப்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். ஷேக்கரில் இருந்து ஒரு கை துகள், எண்ணெய்ச் சேறு ஒட்டி, எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கும். டீசலில் அலசித் தட்டில் பரப்புவார். தண்ணீரில் போட்டால் உப்புத் துகள் கரைந்து, இருந்த தடமே தெரியாது. பூதக்கண்ணாடியில் உப்பு கண்ணாடிபோலத் தெளிவாக, கனசதுர முகத்தோடு. அன்ஹைட்ரைட் பால் வெள்ளையாக. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு. அன்ஹைட்ரைட் சும்மா இருக்கும், சுண்ணாம்புக்கல் பொங்கும், டோலமைட் தயங்கித் தயங்கிக் குமிழிவிடும். நஜ்மாவின் முதல் துகள் வரும்போது தட்டில் வெள்ளைக்கு நடுவே ஒரு கரும்பழுப்புத் துணுக்கு இருக்கும். கீறினால் பழுப்புக் கோடு விழும், அமிலத்தில் பொங்கி அழுக்கு நுரை விடும். புற ஊதா விளக்கின் அடியில் சில துணுக்குகள் மஞ்சளாக ஒளிரும். 15 கோடி ஆண்டுகள் மூடிக்கு அடியில் இருந்த எள், விரல் நுனியில். அதைக் கண்ட நொடியில் நிறுத்த வேண்டும் என்பதைவிட, அதைக் காண்பதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் வேலையின் நுணுக்கம். அதற்குப் பக்கத்துக் கிணறுகளின் பதிவும், வெட்டும் வேகம் மாறுவதும் துணை. உப்பில் பிட் வழுக்கிக்கொண்டு போகும், அன்ஹைட்ரைட்டில் இழுத்துக்கொண்டு நிற்கும்.

கேசிங் இறக்கிய பிறகும் உப்பு விடாது. ஒரு பக்கமாக நகர்ந்து பைப்பை நசுக்கப் பார்க்கும் என்பதால், உப்புக்கு எதிரே தடித்த சுவருள்ள பைப் போடுவார்கள். சிமென்ட்டில் உப்பைக் கலந்து குழைப்பார்கள், உப்புப் பாறையைக் கரைக்காமல் ஒட்டிக்கொள்வதற்காக. பிறகு நஜ்மாவில் வேறு ஒரு குழப்பம் வரும். பம்பு ஓடும்போது வெடிப்புகள் சற்று விரிந்து மட்டைக் குடிக்கும். பம்பை நிறுத்தினால் மூடிக்கொண்டு திருப்பித் துப்பும். பார்ப்பதற்கு வாயு பாய்வது போலவே இருக்கும். பயந்து மட்டின் எடையை ஏற்றினால் வெடிப்பு இன்னும் விரியும், இழப்பு கூடும். திரும்பி வருவது குறைந்துகொண்டே போகிறதா, கூடிக்கொண்டே போகிறதா என்று அளந்து பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். குறைந்தால் வெடிப்பு, கூடினால் பாய்ச்சல், உடனே கிணற்றின் வாயை அடைக்கும் பி.ஓ.பி. கருவியை மூட வேண்டும். எண்ணெய் மட்டில் வாயு கரைந்து ஒளிந்துகொண்டு, மேலே நெருங்கிய பிறகே பொங்கி வெளிவரும் என்பதால் சந்தேகம் என்றாலே மூடுவதுதான் சரி.

மூடியே விஷமாவது

ஜுராசிக் எண்ணெயின் கூடவே வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. இதையும் செய்வது மூடிதான் என்பது பலருக்குத் தெரியாது. ஆழத்தில் 120, 140 டிகிரிக்கு மேல் அன்ஹைட்ரைட்டில் உள்ள சல்ஃபேட்டும் எண்ணெய், வாயுவும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இந்த வாயுவை உண்டாக்குகின்றன. எண்ணெயைக் காத்த பாறை, அதிலேயே கொஞ்சத்தைத் தின்று விஷம் செய்கிறது. ஒரு பி.பி.எம்.முக்கு, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழேயே அழுகிய முட்டை வாடை தெரியும். 10 பி.பி.எம். வந்தால் அலாரம் அடிக்கும். 100-ல் மூக்கு செத்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைப்பவர் அதற்குள்ளேயே நிற்பார். 500-க்கு மேல் சில நிமிடங்களில், 700-க்கு மேல் ஓரிரு மூச்சிலேயே சாய்ந்துவிடுவார்கள். காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளத்தில், மட் தொட்டியின் அடியில் தேங்கும்.

இரும்பையும் அது விடாது. கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜனைப் புகுத்தி, எந்த அறிகுறியும் காட்டாமல் படக்கென்று உடைக்கும். அதனால் இந்தக் கிணறுகளில் எல்-80, டி-95 மாதிரி கடினத்தைக் கட்டுப்படுத்திய எஃகையே வாங்குவார்கள். சாதாரண எஃகுக்கு, கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 22 என்பது எல்லை. வலுவான பைப் என்று நினைத்து அதைவிடக் கடினமானதைப் போட்டவர்கள் பாடம் படித்திருக்கிறார்கள்.

உற்பத்தி தொடங்கிய பிறகு இந்த அளவுக்கு நாடகம் இருக்காது, ஆனால் தொல்லை இருக்கும். சுண்ணாம்புப் பாறையில் 15 அல்லது 28 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தி வழி பெருக்குவார்கள். மர்ராத் எண்ணெயில் அழுத்தம் ஓரளவுக்குக் கீழே இறங்கினால் தார் போன்ற அஸ்ஃபால்ட்டீன் பிரிந்து குழாயின் உள்சுவரில் படியும். டொலுவீன் விட்டுக் கழுவ வேண்டும், சில காலம் கழித்து மறுபடி கழுவ வேண்டும். கவாரில் 1960-களில் இருந்தே ஓரங்களில் தண்ணீர் செலுத்தி அழுத்தத்தைக் காக்கிறார்கள். சில மெல்லிய அடுக்குகள் மட்டும் மிகத் தாராளமாக ஓடவிடுவதால், அவற்றின் வழியே தண்ணீர் முந்திக்கொண்டு கிணற்றுக்கு வந்துவிடும்.

சேலத்தில் இருந்து இந்த வேலைக்குக் கிளம்பும் பையன்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. ஊர் ரிக்கில் ராடு மாட்டிப் பழகிய கை அங்கே நன்றாகவே உதவும். பொடியைப் பார்த்துப் பாறையைச் சொல்லும் கண் அதைவிட உதவும். முதல் ஷிஃப்டில் டிரில்லரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இப்போது அடித்துகள் மேலே வர எத்தனை நிமிடம், மட்டின் எடை எவ்வளவு, கேசிங்கின் கடைசி நுனி எந்தப் பாறையில் நிற்கிறது. அலாரம் அடித்தால் ஓடுவதற்கு முன், காற்றின் திசையைக் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் துணிப்பையைப் பார்க்க வேண்டும். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், காற்று வரும் திசையை நோக்கி நடக்க வேண்டும். கூட நின்றவர் விழுந்துவிட்டால், எவ்வளவு துடித்தாலும், மூச்சுக் கருவியை மாட்டாமல் அவரை நோக்கி ஓடக் கூடாது. தூக்கப் போன இரண்டாவது ஆளும் அவர் பக்கத்திலேயே விழுவது இந்த வாயுவில் திரும்பத் திரும்ப நடக்கிறது.